புகையும் பத்திரமும்



கொழும்பு மாநகரிலே ஆமர் வீதிப் பக்கமாகவோ பழைய சோனகத் தெருப் பக்கமாகவோ அதிகாலையில் நடந்து சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். லொறிகள் வரிசையாக நிற்கும். சாரதிகள் ஒவ்வொருவராக ஏறி எஞ்சினை இயக்குவார்கள். சில லொறிகளின் புகைக்குழாயில் ஏதும் தோன்றாது. சிலவற்றில் ஒரு கணம் கரும்புகை எழுந்து மறையும். வேறு சிலவற்றிலோ வெண்புகையோ நீலப்புகையோ தெருவை மூடிக்கொண்டு எழுந்து, பக்கத்துக் கடையில் தேநீர் அருந்துவோரை இருமச் செய்யும். நம்மிற் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாற் போய்விடுகிறோம். பழைய லொறியொன்றை வாங்க எண்ணியிருப்பவர் மட்டும் அவ்வாறு போய்விடலாகாது. எஞ்சினின் உள்ளே நடப்பதைத் திறந்து பாராமலே அறிவதற்கு அந்தப் புகையைவிட எளிய வழி வேறில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இரண்டு. ஒன்று, டீசல் எஞ்சினின் புகையைப் பார்த்து நோயை அறிவது எவ்வாறு என்பது. மற்றொன்று, லொறியோடு விற்பவர் தரும் உத்தரவாதக் கடிதத்தைப் படிப்பது எவ்வாறு என்பது. இவ்விரண்டும் தொடர்பற்றவை போலத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பாராதவர் இரண்டினாலும் நட்டமடைவார் என்பதே என் அனுபவம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் அந்தத் தடை பெருமளவுக்குத் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த லொறிகளே கைமாறிக் கைமாறி ஓடின. 1959இல் ஜப்பானிலே முதன்முதல் வெளிவந்த இசுசு எல்ஃப் வகையும், 1963இல் வெளிவந்த மிற்சுபிசி கன்ரர் வகையும் நம் நாட்டுச் சிறு வியாபாரிகளுக்குப் பழக்கமானவை. அவ்வகைகளிலே வந்த பழைய வண்டிகள், புதியதற்குரிய விலை கேட்டபோதும் விற்பனையாயின. உதிரிப்பாகம் வேண்டியவர்கள் பஞ்சிகாவத்தைக் கடைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்த ஆண்டுகளில் நடந்த ஒரு சம்பவத்தைக் கூறி மேலே செல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருபது ஆண்டுகளாகப் பிறருடைய லொறிகளை ஓட்டியவர். தமக்கென ஒரு லொறி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மனைவியின் நகைகளை அடகு வைத்தார். மிகுதிக்கு லீசிங் எடுத்தார். வெள்ளவத்தையில் ஒருவரிடம் நல்ல லொறியொன்று இருப்பதாகத் தரகர் சொல்ல, ஒரு நாள் பிற்பகலில் அதைப் பார்க்கப் போனார். லொறி கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் இயங்கியது, புகை இல்லை. காலி வீதியில் தெகிவளை வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். சுமை ஏதுமில்லை, பாதையிலும் ஏற்றமில்லை. லொறி வெண்ணெய் போல ஓடிற்று. "எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் மூன்று மாத உத்தரவாதம்" என்று ஒரு வரி எழுதி, விற்றவர் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இவர் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்.

பத்தாம் நாள் கண்டிக்கு முதல் ஹயர் கிடைத்தது. அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மாவனல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்பொழுது பின்னாலே வெண்புகை தொடர்ந்தது. வெப்பமானியின் முள் மேலே ஏறிற்று. சரக்கை நேரத்துக்குச் சேர்க்கவேண்டும் என்ற பதற்றத்தில், நின்று நின்று தண்ணீர் ஊற்றியபடியே கண்டியை அடைந்தார். கொழும்புக்குத் திரும்பியதும் அறிமுகமான கராஜ் ஒன்றிலே விட்டார். அங்கிருந்த பாஸ் புகையைப் பார்த்துவிட்டு, "றிங் போயிற்று ஐயா, எஞ்சினைக் கழற்றத்தான் வேண்டும்" என்றார். கழற்றினார்கள். றிங்குகளில் பெரிய பழுதில்லை. சிலிண்டர் ஹெட்டிலே வெடிப்பிருந்தது, கஸ்கெற் எரிந்திருந்தது. அதன்பின்னரே இவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனார். விற்றவர் சொன்ன விடை மூன்று வசனங்கள்தான். "என்னைக் கேளாமல் எஞ்சினைக் கழற்றியிருக்கிறீர்கள். சூடேறிய பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள். வெடிப்பு என்னிடம் இருந்தபொழுதே இருந்தது என்பதற்குச் சான்று எங்கே?"

நேயர்களே, இந்த மூன்றாவது கேள்விக்கு அவரிடம் விடை இருக்கவில்லை. வாங்கிய நாளிலும், பழுது தோன்றிய நாளிலும், கழற்றிய நாளிலும் அவர் சில எளிய காரியங்களைச் செய்திருந்தால் விடை இருந்திருக்கும். அவை எவை என்பதை இனிப் பார்ப்போம்.

முதலில் டீசல் எஞ்சின் வேலை செய்யும் முறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். ருடோல்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் 1892இல் தமது எண்ணத்துக்குக் காப்புரிமை கோரி, 1897இல் ஓக்ஸ்பேர்க் நகரில் அதனைச் செயலில் காட்டினார். பெற்றோல் எஞ்சினிலே தீப்பொறி ஒன்று எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினுக்கு அப்படியொரு பொறி இல்லை. பிஸ்டன் மேலே வந்து காற்றை அதன் கனவளவில் பதினாறில் அல்லது இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அந்தக் கணத்தில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோல நுண்ணிய துளிகளாகத் தெளிக்கிறது. அது தானே பற்றி எரிகிறது. ஆகவே, போதிய காற்று, போதிய அழுத்தம், சரியான அளவில் சரியான வேளையில் தெளிக்கப்பட்ட டீசல் ஆகியவை கூடினால் எரிதல் முழுமையாகும்; புகை கண்ணுக்குத் தெரியாது. அவற்றில் ஏதேனும் குறைந்தாலும், எரியும் அறைக்குள்ளே வரக்கூடாத ஒயிலோ நீரோ புகுந்தாலும், புகை தோன்றும். அதன் நிறம் எது குறைந்தது, எது புகுந்தது என்பதைக் காட்டும்.

கரும்புகை என்பது எரியாது எஞ்சிய கரி. டீசல் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு என்பதே அதன் பொருள். முதலிற் பார்க்கவேண்டியது காற்றுச் சல்லடை, அதாவது எயார் கிளீனர். கொழும்புத் தெருத் தூசியில் ஓடும் லொறிக்கு அது விரைவில் அடைபடும். அதனை மாற்றுவதற்கு ஆகும் செலவு, எஞ்சினைக் கழற்றுவதற்கு ஆகும் செலவின் ஒரு சிறு துணுக்கே. அடுத்து, டேர்போ உள்ள வண்டியில் காற்றுக்குழாய் பிளந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கும் அடுத்தபடியாகத்தான் ஒழுகும் இன்ஜெக்டர், மிகுதியாக டீசல் அனுப்பும் பம்ப், பிந்திய தெளிப்பு ஆகியவை. அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றினாலும் கரும்புகை வரும். அது எஞ்சினின் குற்றமன்று. பழைய எஞ்சினில் கியர் மாற்றும்பொழுது ஒரு கணம் எழுந்து மறையும் கரும்புகைக்காக அஞ்சவேண்டியதில்லை. ஏற்றம் முழுவதும் விடாது தொடர்வதே நோயின் அறிகுறி.

நீலப்புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது என்று பொருள். ஒயில் எந்த வழியாக உள்ளே புகுந்தது என்பதை, புகை எழும் வேளையைக் கொண்டு அறியலாம். இரவு முழுவதும் நின்ற லொறியைக் காலையில் இயக்கும்பொழுது ஒரு கொத்து நீலப்புகை எழுந்து பின்னர் மறையுமாயின், வால்வுத் தண்டுகளின் வழியாக ஒயில் கசிந்திருக்கலாம். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்பொழுது எழுந்தாலும் அதே ஐயம் உண்டு. சுமையோடு ஓடும்பொழுதெல்லாம் இடைவிடாது எழுந்தால் பிஸ்டன் றிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்திருத்தல் கூடும். அவ்வேளையில் எஞ்சினை மெதுவாக இயங்கவிட்டு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை மூச்சு மூச்சாகத் தள்ளிக்கொண்டு வந்தால், நெருக்கப்பட்ட காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அறியலாம். டேர்போவின் ஒயில் அடைப்பு தேய்ந்தாலும் நீலப்புகை எழும். ஒயிலை மட்டத்துக்கு மேல் ஊற்றிவிட்டாலும் எழும். ஆகவே பெரிய வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் மட்டக்கோலை எடுத்து ஒருமுறை பார்ப்பது நன்று.

வெண்புகைதான் மனிதரை மிகவும் ஏமாற்றுவது. அதில் இருவகை உண்டு. ஒருவகை எரியாத டீசலின் ஆவி. அது கண்ணைக் கரிக்கும், டீசல் மணக்கும். அழுத்தம் குறைந்தாலும், தெளிப்பு பிந்தினாலும், ஓர் இன்ஜெக்டர் கெட்டாலும், குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக் வேலை செய்யாவிட்டாலும் அது எழும். மற்றவகை நீராவி. குளிரூட்டும் நீர் எரியும் அறைக்குள் கசிவதால் வருவது அது; கண்ணைக் கரிக்காது; கூலன்ற் கலந்த நீராயின் சற்று இனித்த மணம் இருக்கும். நுவரெலியாவின் குளிர்காலையில் எந்த வண்டியின் குழாயிலும் சிறிது ஆவி தோன்றும். எஞ்சின் சூடானதும் அது மறைந்துவிடும். கொழும்பின் வெப்பத்திலே, சூடேறிய எஞ்சினில் வெண்புகை நிற்காமல் வருமாயின், குளிர் என்று சாட்டுச் சொல்ல இடமில்லை. அப்பொழுது நீர் மட்டத்தைப் பாருங்கள். நாள்தோறும் குறைகிறதா? எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் றேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து இயக்கினால் குமிழிகள் தொடர்ந்து எழுகின்றனவா? ஒயில் மூடியின் அடியில் பாலாடை போன்ற படலம் உண்டா? இவற்றுக்கு ஆம் என்பது விடையானால், ஹெட்டையும் கஸ்கெற்றையும் ஐயுற வேண்டும். சூடான எஞ்சினின் றேடியேற்றர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும்.

கொட்டாஞ்சேனை நண்பரின் லொறியில் எழுந்தது இந்த இரண்டாம் வகைப் புகை. பாஸ் அதனை மணந்து பார்க்கவில்லை. நீர் மட்டத்தையும் கேட்கவில்லை. புகை என்றவுடன் றிங் என்று முடிவு செய்துவிட்டார். அவருடைய கைத்திறனில் குறைவில்லை. அவசரந்தான் குறை.

இனி, எந்த வேளையில் பார்ப்பது என்பதைச் சொல்கிறேன். பிற்பகலில் பார்க்கச் சென்றதே அந்த நண்பர் செய்த முதற் பிழை. அவர் போகுமுன்பே எஞ்சின் இயக்கப்பட்டுச் சூடேறியிருந்தது. வாங்குபவர் அதிகாலையில் போகவேண்டும். "நான் வரும்வரை இயக்காதீர்கள்" என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். போனவுடன் எஞ்சின் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாயிருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை இயக்கும்பொழுது ஒருவரைக் குழாயின் பக்கத்திலே நிறுத்துங்கள். பின்னர் சமதரையில் மட்டும் ஓட்டாது, சுமையேற்றி ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். வெள்ளவத்தைக் காலி வீதி சமதரை. கொட்டாஞ்சேனையிலே தெருக்கள் மேடேறுகின்றன. அரைச் சுமையோடு அந்த மேட்டிலே இரண்டாம் கியரில் ஏறினாலே, வெறும் லொறி மறைத்ததில் பாதி வெளிப்பட்டுவிடும். ஓட்டி முடிந்து எஞ்சின் ஆறியபின் நீர் மட்டத்தையும் ஒயில் மட்டத்தையும் மறுபடி பாருங்கள்.

சிலர் புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் காட்டி, "இதோ, அரசாங்கமே ஒப்புக்கொண்ட எஞ்சின்" என்று சொல்வார்கள். 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த அந்தச் சோதனை, நகரின் காற்றைக் காப்பதற்கு மிகவும் வேண்டியதே. ஆனால், டீசல் வண்டியில் அது அளப்பது புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதை. சுமையின்றி நிறுத்திவைத்துத் திடீரென மிதித்து அது அளக்கப்படுகிறது. புகை எதனால் வந்தது என்பதை அது சொல்வதில்லை. சோதனைக்கு முன் பம்பிலே டீசலைக் குறைத்து, சோதனை முடிந்தபின் கூட்டிவிடுவாரும் உண்டு. எனவே சான்றிதழை வாங்கிப் பாருங்கள்; அதனை மட்டும் நம்பிப் பணம் கொடாதீர்கள்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் 340 ரூபாவாக உயர்த்தப்படும் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவுக்கு விற்கப்பட்டது. டீசலின் விலையோ அதனைப் போலப் பல மடங்கு. அதனால் டீசலோடு மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டியவர்கள் இருந்தார்கள். டீசல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழுவழுப்பைத் தருவது அவற்றின் ஊடாகச் செல்லும் எரிபொருளே. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. தேய்மானம் உடனே தோன்றாது. மாதங்கள் சென்றபின் கரும்புகையாகவோ வெண்புகையாகவோ தோன்றும். அக்காலத்தைக் கடந்து வந்த லொறியானால், பம்பையும் இன்ஜெக்டர்களையும் அதற்குரிய சோதனை மேடையில் ஒருமுறை பார்ப்பது வீண் செலவாகாது.

கெட்ட சிலிண்டர் எது என்பதை அறியப் பழைய பாஸ்மார் ஒரு முறையைக் கையாள்வார்கள். எஞ்சின் இயங்கிக்கொண்டிருக்க, இன்ஜெக்டர் குழாயின் சுரையை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எந்தச் சிலிண்டருக்கு டீசலை நிறுத்தியபோது எஞ்சினின் ஒலி மாறாது புகை மட்டும் குறைகிறதோ, அந்தச் சிலிண்டரே நோயாளி. பழைய பொறிமுறைப் பம்ப் உள்ள எஞ்சினுக்கு இது ஏற்றது. புதிய கொமன் றெயில் எஞ்சினில் இதனைச் செய்வது உயிருக்கே ஆபத்து. 1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் ஹீனோ லொறியில் முதன்முதல் பொருத்திய அந்த முறையிலே, டீசல் ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தத்தில் நிற்கும். சுரையைத் தளர்த்தினால் ஊசிபோலப் பாய்ந்து தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். அவ்வகை எஞ்சினுக்குக் கணினிச் சோதனையும் இன்ஜெக்டர் திருப்பியனுப்பும் டீசலை அளக்கும் சோதனையும் உண்டு. இருவகை எஞ்சினுக்கும் பொதுவான நல்ல சோதனை, சிலிண்டர் அழுத்தத்தை அளப்பது. எல்லாச் சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டினால் மனம் ஆறலாம். ஒன்று மட்டும் பெரிதும் தாழ்ந்திருந்தால் அங்கே குற்றம் உண்டு. அளவுகளைத் தாளில் எழுதி, கராஜின் கையொப்பமும் திகதியும் வாங்கிவையுங்கள். பின்னொரு நாள் அந்தத் தாளே உங்களுக்குச் சாட்சியாகும்.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்தவேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே அது பதியப்பட்டிருக்க வேண்டும். லீசிங் நிறுவனமொன்றின் பெயர் உரிமையாளராகப் பதிவில் இருந்தால், அந்தக் கடன் தீர்ந்ததா என்று கேளாது பணம் கொடுக்கலாகாது. இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். பழையதாக இறக்குமதி செய்யப்பட்ட வண்டியை நாம் 'ரீகண்டிஷன்' என்கிறோம். அச்சொல்லைக் கேட்டவுடன் யாரோ அதனைக் கழற்றிப் புதுப்பித்து அனுப்பினார்கள் என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் அப்படி ஏதும் நடப்பதில்லை. ஜப்பானில் பாவித்த வண்டி கப்பலேறி வந்தது என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளாதீர்கள். தயாரித்த நிறுவனம் அங்கே முதல் உரிமையாளருக்குக் கொடுத்த உத்தரவாதமும் பொதுவாகக் கடல் தாண்டி வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டிலே பொருள் விற்பனையை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வாங்குபவர் தாமே விழிப்பாயிருக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆயினும் விலக்குகள் உண்டு. அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், இன்ன பொருள் என்று விவரிக்கப்பட்டதை வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்கவேண்டும் என்பது எழுதாத நிபந்தனையாகும். ஆனால், வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்கு அந்த நிபந்தனை துணைநிற்காது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பார்த்தேன் என்று கையொப்பமிடுவது எவ்வளவு தீங்கானது என்பது இதனால் விளங்கும். மேலும், தாம் லொறியை எதற்காக வாங்குகிறார் என்பதை வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்கு அது பொருந்தவேண்டும் என்ற நிபந்தனையும் எழக்கூடும். ஆகவே, "மலைநாட்டுக்கு இத்தனை தொன் சுமை ஏற்றிச் செல்வதற்காக" என்ற வரியைக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். தொழிலாக விற்காத ஒரு தனிமனிதரிடம் வாங்கும்பொழுது இந்தக் காப்புகள் மிகவும் குறைந்துவிடும். அங்கே நீங்கள் எழுதி வாங்கியதே பெரிதும் உங்களுக்குத் துணை.

உத்தரவாதக் கடிதத்தில் என்னென்ன இருக்கவேண்டும்? 'எஞ்சின்' என்ற ஒரு சொல் போதாது. சிலிண்டர் ஹெட், கஸ்கெற், டீசல் பம்ப், இன்ஜெக்டர், டேர்போ, றேடியேற்றர் ஆகியவை அந்தச் சொல்லுக்குள் அடங்குமா என்பது பெயர் சொல்லி எழுதப்படவேண்டும். விற்ற நாளில் ஓடிய கிலோமீற்றர், எஞ்சின் இலக்கம், உத்தரவாதம் முடியும் திகதி ஆகியவை வேண்டும். பழுது வந்தால் எந்தக் கராஜ், பாகத்தின் விலை யாருடையது, கூலி யாருடையது, எத்தனை நாளுக்குள் திருத்தப்படும் என்பனவும் வேண்டும். எந்தச் செயலால் உத்தரவாதம் அற்றுப்போகும் என்பதும் எழுதப்படட்டும். விற்பவர் இவற்றை எழுத மறுத்தால் அவரோடு சண்டையிடவேண்டாம். அந்த மறுப்பை விலையைப் பேசும்பொழுது கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழுது தோன்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெப்பமானி ஏறினால் வண்டியை நிறுத்துங்கள். சரக்கு பிந்தினால் ஒரு ஹயரின் கூலி போகும். ஓட்டினால் எஞ்சின் போகும், அதோடு உங்கள் வழக்கும் போகும். புகையைக் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள்; நீர் மட்டத்தையும் கிலோமீற்றரையும் சேர்த்துப் பிடியுங்கள். அன்றைக்கே விற்றவருக்குத் தொலைபேசியில் சொல்லி, மறுநாள் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். "இன்ன நாளில் இன்ன கராஜில் எஞ்சினைக் கழற்றப் போகிறோம், நீங்களோ உங்கள் பாஸோ வந்து பாருங்கள்" என்பது அந்தக் கடிதத்தின் சாரமாக இருக்கட்டும். அதற்குமுன் ஒரு திருகையும் கழற்றவேண்டாம். கழற்றிய பாகங்களை எறிந்துவிடாது திகதியிட்டு வைத்திருங்கள். பிந்துவதும் ஆபத்து. நியாயமான காலம் கடந்தும் ஒன்றும் சொல்லாது பொருளை வைத்திருந்தவர் அதனை ஏற்றுக்கொண்டவராகவே சட்டத்தினால் கருதப்படுவார்.

விற்றவர் வியாபாரியாயிருந்து இணங்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்திலே முறையிடலாம். கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றது பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. அங்கும் காலவரையறை உண்டு, ஆதலால் தாமதிக்கவேண்டாம். 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளும் உங்கள் பகுதியிலே உண்டு. பெருந்தொகை ஆனால் சட்டத்தரணியை நாடுங்கள். எங்கே சென்றாலும் முதலிற் கேட்கப்படுவது ஒன்றே: கையில் என்ன பத்திரம் வைத்திருக்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை நண்பரின் கதையை முடிக்காமல் விடலாகாது. பெரியவர்கள் இருவர் நடுவிலே நின்று பேசியதில், விற்றவர் புதிய ஹெட்டுக்கான விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தார். மிகுதிச் செலவும், லொறி நின்ற ஏழு வாரத்து லீசிங் கட்டணமும் இவருடைய தலையில் விழுந்தன. நகைகளில் ஒரு சோடி வளையல் அடகிலேயே மூழ்கிப்போயிற்று. லொறி இன்றும் ஓடுகிறது; நன்றாகவே ஓடுகிறது. இப்பொழுது யாராவது பழைய லொறி வாங்கப் போவதாகச் சொன்னால் இவரும் கூடப் போகிறார். விடியுமுன் போகிறார். போனவுடன் விலையைக் கேட்பதில்லை. வண்டியின் நிறத்தைப் பார்ப்பதில்லை. எஞ்சின் மீது உள்ளங்கையை வைத்து, அது குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். அதன்பின்னரே சாவியைக் கேட்கிறார்.

நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.